காலை முதல் அவதி

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன மாதம் நம் ஓய்வுபெற்ற எஸ்டேட் ஊழியர்களின் மின்னஞ்சல் குழுவில், "மிக்க மகிழ்ச்சி. இதே நிலையில் நீண்ட காலம் இருக்க வாழ்த்துகிறேன்" என்று எழுதியது நான்தான். ஒரு நண்பரின் மகளுக்கு வேலை நிரந்தரமானதற்காக எழுதியது அது. ஆனால் அன்று குழுவின் கடிதங்கள் எல்லாம் ஒரே மூட்டையாக வந்து சேர்ந்திருந்தன. நான் மூட்டையை அவிழ்க்காமல் அதன் தலையில் என் வாழ்த்தை வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டேன். மூட்டையில் முதலாவதாக, என் வாழ்த்துக்கு நேர் கீழே இருந்தது, நம் தேயிலை பாக்டரியை நடத்திய பழைய டீமேக்கர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கிறார் என்ற செய்தி. அவர் மனைவி ஒரே வரியில் பதில் எழுதினார்: "உங்கள் நல்ல மனசு எங்களுக்குத் தெரிந்ததுதானே."

குழுவை நடத்துகிற தம்பி என்னிடம் கிளார்க் வேலை பழகியவர். இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறார். மறுநாளே போன் செய்தார்.

"சார், நீங்களே இப்படிப் பண்ணலாமுங்களா? எங்களுக்கெல்லாம் பதிலைக் கேள்விக்குக் கீழ எழுதுங்கடான்னு உசுரெடுத்தது நீங்கதானுங்களே?"

"கம்ப்யூட்டர்ல மேல எழுதத்தான் இடம் விட்டிருக்கான் தம்பி. நான் என்ன பண்ணட்டும்?"

"அந்தச் சுத்து புக் கதையை எழுதிப் போடுங்க சார். குழுவுல எப்படி எழுதறதுன்னு நாலு பேரு தெரிஞ்சுக்குவாங்க. டீமேக்கரம்மாவுக்கும் கோபம் தணியும்."

டீமேக்கரம்மாவுக்குக் கோபம் தணியுமா என்று எனக்குத் தெரியாது. அந்தக் கதையில் நான் இதைவிடப் பெரிய முட்டாள் என்பது மட்டும் தெரியும். அது அவருக்கு ஆறுதலாக இருக்கலாம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். ஊர் மலையாள எல்லைக்குள் இருக்கும் வடகரப்பதி. வீட்டில் பேசுவது கோயம்புத்தூர்த் தமிழ், பள்ளியில் படித்தது மலையாளம், டைப்ரைட்டிங் பரீட்சையில் தேறியது இங்கிலீஷ். மூன்றிலும் அரைகுறை என்பதை மூன்று மொழி தெரிந்தவன் என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன். போடிமெட்டுக்கு மலையாளப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஜூனியர் கிளார்க் வேலை கிடைத்தது. முதல் நாள், "ஏனுங்க, ஆபீஸ் எந்தப் பக்கமுங்க?" என்று கேட்டதற்கு, தேயிலை கிள்ளிக்கொண்டிருந்த பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள். அவர்கள் திருநெல்வேலி, மதுரைப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள். ஒரு ஆம்பளை இத்தனை 'ங்க' போட்டுப் பேசி அவர்கள் கேட்டதில்லை. பேரேடு எழுதவும், மஸ்டர் என்கிற ஆஜர்ப் பட்டியல் போடவும், அட்டையைக் காலிலிருந்து உப்புப் போட்டு எடுக்கவும் ஆறு மாதத்தில் பழகிவிட்டேன். பழகாதது ஒன்றே ஒன்று. அதுதான் சுத்து புக்.

எஸ்டேட்டில் டெலிபோன் இருந்தது. ஆபீசிலிருந்து பாக்டரிக்கும் மானேஜர் துரையின் பங்களாவுக்கும் ஒரே கம்பி. மழை பெய்தால் அது வேலை செய்யாது. எங்கள் மலையில் ஜூன் மாதம் தொடங்குகிற மழை, நிற்க மறந்துபோகும். ஆகவே ஹெட் கிளார்க் வர்க்கி சார் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். கெட்டி அட்டை போட்ட பெரிய நோட்டு ஒன்று. மெழுகுத் துணியில் சுற்றி, கான்வாஸ் பையில் போட்டு, தபால் ஆள் மாடசாமி அதைத் தினமும் எஸ்டேட்டைச் சுற்றி எடுத்துப் போவார். மாடசாமிக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். அவர் குடியிருந்தது மூன்றாம் டிவிஷனில். அதனால் காலையில் அங்கே புறப்பட்டு, ஒன்றரை மணி நேரம் நடந்து ஆபீசுக்கு வருவார். பிறகு பாக்டரி, ஆஸ்பத்திரி, ஒன்றாம் டிவிஷன், இரண்டாம் டிவிஷன், சாயங்காலம் திரும்ப வீடு. யாருக்கு என்ன தேவையோ அதை அந்த நோட்டில் எழுத வேண்டும். பதில் சொல்ல வேண்டியவர் அதற்குக் கீழே எழுத வேண்டும். எல்லாரும் எல்லாவற்றையும் படிக்கலாம். அதுதான் அதன் சௌகரியம். அழிவும் அதில்தான் இருந்தது.

மழையில் மை கரைந்துவிடும் என்பதால், ஈரம் பட்டால் ஊதா நிறமாகிற பென்சிலால்தான் எழுதுவார்கள். எழுத்து அழுத்தமாக வர, பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதுவது வழக்கம். அன்றைக்கு யார் நீளமாக எழுதியிருக்கிறார் என்று பார்க்க நோட்டைப் பிரிக்கவே வேண்டாம், நாக்கைப் பார்த்தால் போதும். மூன்றாம் டிவிஷன் அய்யாத்துரை கங்காணிக்கு நாக்கு எப்போதும் ஊதாவாகவே இருக்கும். அவருக்கு சூப்பர்வைசர் என்று பதவிப் பெயர் மாறிப் பல வருஷம் ஆகியிருந்தது. அவர் உட்பட எல்லாருமே கங்காணி என்றுதான் சொன்னார்கள்.

கங்காணி எது எழுதினாலும் தலையில் 'அவசரம்' என்று போட்டுத்தான் தொடங்குவார். "அவசரம். இரண்டாவது லயத்தில் ஒரு கோழியைக் காணவில்லை." "அவசரம். கோழி கிடைத்துவிட்டது." லயம் என்பது தொழிலாளர்களின் வரிசை வீடுகள். வர்க்கி சார் கோட்டயத்துக்காரர். மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. "இயாளுக்கு எப்பவும் அவசரம். நமக்கு ஒரு வார்த்தை பேச அவசரம் தரமாட்டான்" என்பார்.

ஒன்றாம் டிவிஷன் கண்டக்டருக்கு வேறு கஷ்டம். தோட்டத்தில் கண்டக்டர் என்றால் டிவிஷன் அதிகாரி. கங்காணிகளின் எழுத்துக்குக் கீழே தன் எழுத்து வருவதை அவர் கௌரவக் குறைவாக நினைத்தார். ஆகவே பக்கத்தின் உச்சியில், மேல் ஓரத்தில், ஏறி உட்கார்ந்து பதில் எழுதுவார். ஒருமுறை கிழிந்த கம்பளிக்கு மாற்றுக் கம்பளி கேட்டவருக்கு, "பழையதையே தைத்துப் போட்டுக்கொள்ளவும்" என்று மேலே எழுதினார். அதற்கு நேர் கீழே இருந்தது ஆஸ்பத்திரி நர்ஸ் ருக்குமணியம்மாவின் குறிப்பு: "ஒருவருக்குக் காலில் கவாத்துக் கத்தி வெட்டு. கட்டுத் துணி தீர்ந்துவிட்டது." மறுநாள் நர்ஸம்மாவின் பதில் வந்தது. "தைத்துவிட்டேன். எப்படிப் போட்டுக்கொள்வது என்று நோயாளி கேட்கிறார்."

பாக்டரி ரைட்டர் கோமதிநாயகம் அம்பாசமுத்திரத்துக்காரர். அச்சு மாதிரி கையெழுத்து. அது வீணாகக் கூடாது என்பதற்காக, தனக்கு முன்னால் எழுதியவர்களின் குறிப்புகளை முழுக்கத் திரும்ப அழகாக எழுதி, அதற்குக் கீழே 'கண்டேன்' என்று எழுதி, தகப்பனார் பெயரோடு கையெழுத்துப் போடுவார். "எதுக்குங்க திரும்ப எழுதறீங்க?" என்று கேட்டேன். "நாளப்பின்ன நான் எதைக் கண்டேன்னு ஒருத்தன் கேட்டா என்ன ஓய் சொல்றது?" என்றார். கோழி காணாமல் போன செய்தியை அம்பாசமுத்திரம் எழுத்தில் படிக்க உண்மையிலேயே நன்றாக இருக்கும்.

இந்த மந்தையை மேய்த்தது வர்க்கி சார். ஒல்லியான மனிதர். கோபம் வந்தால் குரல் தாழும். எதையும் நோட்டில் எழுதுவதற்கு முன்னால் நான் அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். நாற்காலியைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வார்.

"வாயிக்கெடோ. ஞான் இப்போ ஒரு பொட்டன். ஒண்ணும் அறியில்லா."

வாயிப்பது என்றால் வாசிப்பது. பொட்டன் என்றால் மண்டு. இரண்டு நிமிஷத்துக்கு அவர் மண்டுவாகிவிடுவார். நான் சொன்னதை, நான் நினைத்ததை அல்ல, அப்படியே செய்து பார்ப்பார். நான் முதல்முதலில் எழுதிய குறிப்பு: "நாளை மானேஜர் மருந்து தெளித்த பிறகு இரண்டாம் டிவிஷனைப் பார்வையிடுவார்."

"நல்லது. அப்போ மருந்து அடிக்கிறது மானேஜர். அவருக்கு டின்னை முதுகில ஆரு கட்டிவிடும்?"

திருத்தி எழுதினேன். "இது எத்தனை மணிக்கு? இது ஆருக்குச் சொல்லுது? கண்ணாடியில மழை விழுந்து, அட்டை கடிச்சு, நின்னுகொண்டு வாயிக்கிறான் ஒருத்தன். அவனுக்கு ஒரு தடவையில மனசிலாகணும். மனசிலாயோ?"

அவருடைய சட்டங்கள் எங்கும் எழுதி ஒட்டப்படவில்லை. திட்டு வாங்கித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பதில் கீழே. திரும்ப எழுதாதே, குறிப்பின் நம்பரைப் போடு. ரத்தமோ தீயோ இல்லாமல் அவசரம் என்று எழுதாதே. சிவப்பு மை அவருடையது. படித்ததற்கு அடையாளமாக ஒவ்வொரு குறிப்பின் ஓரத்திலும் ஒரு சிறிய சிவப்பு 'வ' போடுவார்.

இன்னொரு சட்டம் மாடசாமிக்கு மட்டும். ஆபீசுக்குள் அவர் செய்தி பேசக் கூடாது. இதற்குக் காரணம் இருந்தது. சுத்து புக் வருவதற்கு முன்னால் மாடசாமி வாய்ச் செய்திதான் கொண்டு போய்க்கொண்டிருந்தார். துரை பங்களாவில் நாய் குட்டி போட்டதை, "துரை வீட்டுல குட்டி போட்டிருக்கு" என்று பாக்டரியில் சொன்னார். அது டிவிஷன்களைச் சுற்றி வந்தபோது துரையம்மாவுக்கே பிரசவம் ஆகிவிட்டது. பதினைந்து பெண்கள் மஞ்சள், வளையலோடு பங்களா வாசலில் வந்து நின்றார்கள். துரையம்மாவுக்கு அறுபது வயது. அன்றிலிருந்து மாடசாமி வாயைத் திறந்தால், "புக்கு பேசும்" என்பார் வர்க்கி சார். நானும் அதையே சொல்லப் பழகிக்கொண்டேன். பதவியில் மேலே இருப்பவர்களின் சொற்களைக் கடன் வாங்குவது, பதவி கிடைப்பதற்கு முன்னாலேயே செய்யக்கூடிய ஒரு காரியம்.

சேர்ந்த இரண்டாவது வருஷம், ஜூலை மாதம். டெலிபோன் கம்பிமேல் மரம் விழுந்து ஒரு வாரமாகியிருந்தது. காலை பத்து மணிக்கு மாடசாமி சொட்டச் சொட்ட வந்து பையை மேஜைமேல் வைத்தார்.

"கிளார்க்கய்யா, நம்ம பேச்சி..."

"புக்குல இருக்குதுங்களாண்ணா?"

"இருக்குய்யா. கங்காணி எழுதிட்டாரு."

"அப்பச் சும்மா இருங்க. புக்கு பேசும்."

மாடசாமி சும்மா இருந்தார். கணப்புக்குப் பக்கத்தில் போய்க் குந்தி உட்கார்ந்தார்.

நோட்டைப் பிரித்தேன். ஊதா எழுத்தில் இருந்தது: "அவசரம். நாலாவது லயம் பேச்சியம்மாளுக்குக் காலை முதல் அவதி. உடனே ஆவன செய்யவும். அய்யாத்துரை."

மலையாளத்தில் அவதி என்றால் விடுமுறை, லீவு. எங்கள் ஆபீசில் லீவு விண்ணப்பத் தாள் ஒரு கட்டு எப்போதும் என் மேஜையில் இருக்கும். அதன் தலைப்பே அவதி அபேட்சை என்பதுதான். டிவிஷன் கண்டக்டர்கள் தமிழில் எழுதும்போதும், "இருவருக்கு இன்று அவதி" என்றே எழுதிப் பழகியிருந்தார்கள். தமிழில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் சொல்லுக்கும் ஆபீஸ் அர்த்தம்தான் கண்ணில் படுகிறது. காலை முதல் லீவு. உடனே அனுமதி வேண்டும். இதற்கு ஒரு அவசரம். போன வாரம் கோழி, இந்த வாரம் லீவு.

அந்தக் குறிப்புக்குக் கீழே (கீழேதான், சட்டப்படி) எழுதினேன்:

"அனுமதிக்கப்பட்டது. இனிமேல் ஒரு நாள் முன்னதாகவே தெரிவிக்க வேண்டும். நாச்சிமுத்து, காலை 10.20."

வர்க்கி சாரிடம் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். பொட்டனுக்கும் புரிந்தது. "கொள்ளாம்" என்றார். நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். ஒரு வருஷத்தில் அவர் என்னை அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஓரத்தில் சிவப்பு 'வ' விழுந்தது. நான் அதை இரண்டு முறை பார்த்துக்கொண்டேன்.

பேச்சியம்மாளுக்கு அது முதல் பிரசவம். விடியற்காலையில் வலி கண்டிருக்கிறது. குழந்தை திரும்பவில்லை. லயத்துக் கிழவிகள் தொட்டுப் பார்த்துவிட்டு, இது நம்மால் ஆகாது, நர்ஸம்மா வரணும், ஜீப் வரணும் என்றிருக்கிறார்கள். ஜீப் ஆபீஸ் உத்தரவு இல்லாமல் நகராது. ஆகவே கங்காணி பென்சிலை நாக்கில் தொட்டு எழுதினார். அவருக்குத் தெரிந்த நல்ல தமிழில் எழுதினார். பிரசவ வலி என்று ஆண்பிள்ளைகள் படிக்கிற நோட்டில் பச்சையாக எழுத அவருக்குக் கூச்சம்.

மாடசாமி பதினொரு மணிக்குப் பாக்டரிக்குப் போய்ச் சேர்ந்தார். கோமதிநாயகம் கங்காணி எழுதியதையும் நான் எழுதியதையும் ஒரு எழுத்து விடாமல் அழகாகத் திரும்ப எழுதினார். அன்று வேறு குறிப்புகளும் நிறைய இருந்தன. அரை மணி நேரம் ஆகியிருக்கிறது. அவருக்கு அவதி என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். ஆனால் எழுதும்போது அவர் படிப்பதில்லை. 'கண்டேன்' என்று போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

பன்னிரண்டு மணிக்கு மாடசாமி ஆஸ்பத்திரியில் நுழைந்தபோது, நர்ஸம்மா பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தார். அங்கே பேசக் கூடாது என்று சட்டம் இல்லை.

"என்னம்மா, இன்னும் இங்கனயே இருக்கீக? ஜீப் வரலையா?"

"என்ன ஜீப்பு?"

"பேச்சிக்கு வலி எடுத்து விடியக்காலத்துல இருந்து கெடந்து துடிக்கா. கங்காணி புக்குல எழுதிட்டாரே. கிளார்க்கய்யா பதிலும் போட்டுட்டாரே."

நர்ஸம்மா போடிக்காரர். நோட்டைப் பிடுங்கிப் பார்த்தார். அவர் சொன்னதை மாடசாமி பிற்பாடு எல்லா டிவிஷனிலும் நடித்துக் காட்டினார் என்பதால், ஒரு வார்த்தை குறையாமல் எனக்குத் தெரியும்.

"அடக் கூறுகெட்ட பயலே! பிள்ளை பெறப் போறவளுக்கு அனுமதி குடுத்திருக்கான்! ஒரு நாள் முந்தியே தெரிவிக்கணுமாம்ல! ஏம்ப்பா மாடசாமி, இதை ஆபீசுல நீ வாயால சொன்னா என்ன?"

"புக்கு பேசும்னாகம்மா."

நர்ஸம்மா பையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடிப்போய், கொழுந்து ஏற்றப் போகும் லாரியை மறித்து ஏறி மூன்றாம் டிவிஷனுக்குப் போனார். மாடசாமியை ஆபீசுக்கு ஓடச் சொன்னார். இந்த முறை மாடசாமி வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார். வர்க்கி சார் நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தில் அது சாய்ந்து விழுந்தது. "ஜீப் எடுக்கச் சொல்லெடோ! நீயும் போ!"

நான் போய்ச் சேர்ந்தபோது நாலாவது லயத்தின் முன்னால் மழையில் இருபது முப்பது பெண்கள் நின்றிருந்தார்கள். என்னைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள். யாரும் சிரிக்கவில்லை. உள்ளே குழந்தை கால் பக்கமாக வந்துகொண்டிருந்தது. ரொம்ப நேரம் கழித்து ஒரு சின்ன அழுகை கேட்டது. பெண்கள் மூச்சு விட்டார்கள். ஆனால் நர்ஸம்மா கதவைத் திறந்தபோது அவர் முகம் அப்படி இல்லை.

"ரத்தம் நிக்கல. போடிக்கு இறக்கணும். கட்டிலோட தூக்குங்க. ஏ கிளார்க்கு, சட்டையைக் கழட்டு."

என் கம்பளிச் சட்டையில் குழந்தையைச் சுற்றி என்னிடமே கொடுத்தார். பின்னால் பேச்சியம்மாளும், தலையை மடியில் வைத்துக்கொண்டு அவள் புருஷனும், வயிற்றை அழுத்திப் பிடித்தபடி நர்ஸம்மாவும். முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் பனியனோடு நான். கையில் ஒரு பிடி உயிர். போடிமெட்டு வரைக்கும் நான் குழந்தையின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டே வந்தேன்.

செக்போஸ்டில் கட்டை இறங்கியிருந்தது. மழைக்கோட்டுப் போட்ட காவலர் நோட்டோடு வந்தார். "வண்டியில எந்தா? சரக்கு ஏதும் உண்டோ?"

நர்ஸம்மா தலையை வெளியே நீட்டினார். "ஒரு பொம்பளை, ஒரு பிள்ளை. ரெண்டும் உசுரோட போகணும்னா கட்டையைத் தூக்கு. எழுதுறதெல்லாம் நாங்க ஆபீசுலயே எழுதிட்டோம்."

கட்டை தூக்கப்பட்டது. வளைவு வளைவாக இறங்கினோம். போடி ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்ட கேள்வி, "எப்ப வலி கண்டது?"

"காலையில டாக்டர்."

"காலையிலயா? இவ்வளவு நேரம் என்ன பண்ணுனீங்க?"

நர்ஸம்மா என்னைப் பார்த்தார். "லீவு சாங்ஷன் ஆக நேரமாயிருச்சு டாக்டர்."

நான் பனியனோடு வராந்தாவில் நின்றேன். என்னைத் தாண்டிப் போனவர்கள் எல்லாரும் என்னையே அப்பன் என்று நினைத்து அனுதாபமாகப் பார்த்தார்கள். அன்று சாயங்காலம் டாக்டர் வெளியே வந்து, பிழைத்துக்கொள்வாள் என்றார். பேச்சியம்மாளின் புருஷன் சுவரோடு சரிந்து உட்கார்ந்து அழுதார். நானும் உட்கார்ந்தேன். அதற்குமேல் எழுதத் தெரியவில்லை.

மறுநாள் வர்க்கி சார் எல்லாரையும் ஆபீசுக்கு வரச் சொன்னார். கங்காணி, கோமதிநாயகம், நர்ஸம்மா, கண்டக்டர், வாசலோரம் மாடசாமி. நாற்காலி சாய்ந்தது. கண் மூடியது.

"வாயிக்கெடோ."

படித்தேன். என் குரலில் என் பதிலைக் கேட்டேன். 'இனிமேல் ஒரு நாள் முன்னதாகவே' என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன்.

"முழுக்க வாயிக்கு."

படித்து முடித்தேன். கங்காணி வெடித்தார். "நான் என்ன இங்கிலீசுலயா எழுதினேன்? அவதின்னா அவதிதான? ஒரு பொம்பளை அவதிப்படுதான்னா, சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே?"

"லீவுன்னு நெனச்சுப் போட்டனுங்க. எல்லாரும் அப்படித்தானுங்களே எழுதறாங்க..."

"உமக்குத் தாய்பாஷை தமிழா, இல்ல விண்ணப்பத் தாளா?"

கோமதிநாயகம் கூட்டத்தின் பின்னால் நகரப் பார்த்தார். "நீரு எங்க ஓய் போறீரு?" என்றார் கங்காணி. "அழகாத் திரும்ப எழுதினீரே, அதுல ஒரு வார்த்தை மண்டையில ஏறலையா?"

"நான் கண்டேன்னுதான போட்டேன், படிச்சேன்னா போட்டேன்?"

நர்ஸம்மா சிரித்துவிட்டார். அன்று சிரித்தவர் அவர் ஒருவர்தான். அந்தச் சிரிப்பு அடங்கியதும் மாடசாமி வாசலிலிருந்து சொன்னார். யாரையும் குற்றம் சொல்கிற குரலில் இல்லை.

"நான் சொல்ல வந்தேங்கய்யா. சும்மா இருன்னாரு."

வர்க்கி சார் கண்ணைத் திறந்தார். என்னைத் திட்டப் போகிறார், வேலையை விட்டே அனுப்பப் போகிறார் என்று நின்றேன். அவர் நோட்டைத் தன் பக்கம் இழுத்து, அந்தப் பக்கத்தில் தன்னுடைய சிறிய 'வ'வைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டார். அதற்குக் கீழே மலையாளத்தில் எழுதி, என்னிடம் தமிழில் எழுதச் சொன்னார்: "நானும் இதைக் கேட்டு, சரி என்று ஒப்பமிட்டேன். தபால் ஆள் பேசக் கூடாது என்ற சட்டமும் என்னுடையது. இன்றோடு அது இல்லை."

அதை நோட்டில் போட்டு எஸ்டேட் முழுவதும் சுற்ற அனுப்பினார். அன்று கோமதிநாயகம் அதைத் திரும்ப எழுதவில்லை. வெறும் கையெழுத்துப் போட்டிருந்தார், தகப்பனார் பெயர்கூட இல்லாமல்.

பிறகு நோட்டின் பின்பக்கத்தில் ஒரு பட்டியல் தொடங்கியது. இரண்டு பாஷையிலும் இருந்து இரண்டு அர்த்தம் கொடுக்கிற சொற்களை யார் கண்டாலும் அங்கே எழுத வேண்டும், அந்தச் சொல்லைக் குறிப்புகளில் எழுதக் கூடாது. முதல் சொல் அவதி. இரண்டாவது, கங்காணியின் பலத்த எதிர்ப்போடு, அவசரம். ஒன்றாம் டிவிஷன் கண்டக்டர் சம்சாரம் என்று எழுதினார். மலையாளத்தில் அது பேச்சு, தமிழில் பெண்சாதி. துரையோடு சம்சாரிக்க வேண்டும் என்று முன்பொருமுறை எழுதியது தான்தான் என்பதை அவர் அன்று ஒப்புக்கொண்டார். அந்தப் பக்கத்தில் மட்டும் அவர் மற்றவர்கள் எழுதியதற்குக் கீழேயே எழுதினார். நர்ஸம்மா தன் பங்குக்கு எழுதியது: "வலி என்றால் வலி என்று எழுதவும். எந்த இடத்தில் என்றும் எழுதவும். வெட்கப்படுவதற்கு நான் இருக்கிறேன்."

இதுதான் தம்பி, நான் உங்களுக்கெல்லாம் கற்றுக்கொடுத்த மெசேஜ் எழுதும் வித்தை. அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்குமேல் அந்த எஸ்டேட்டிலேயே இருந்தேன், ஹெட் கிளார்க்காகவும் ஆனேன். வர்க்கி சார் மாதிரியே கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். சில சமயம் தூங்கியும் இருக்கிறேன். ஆனால் பேச்சியம்மாளிடம் மட்டும் நான் இதைப் பற்றிப் பேசியதே இல்லை. மஸ்டரில் தினமும் அவள் பெயரை எழுதுவேன். எதிரே வந்தால் அவள் கும்பிடுவாள், நான் வேறு பக்கம் பார்ப்பேன். அன்று நடந்தது அவளுக்குத் தெரியுமா, தெரிந்து மன்னித்தாளா, தெரியாமல் கும்பிடுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

நான் ஓய்வு பெற்ற அன்று மஸ்டர் கொட்டகையில் மாலை போட்டார்கள். கூட்டம் கலைந்த பிறகு அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். அவளும் பென்ஷன் வாங்கத் தொடங்கியிருந்தாள். கால் பக்கமாக வந்த அந்தப் பையன் மாட்டுப்பட்டியில் டூரிஸ்டுக்கு ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தான். இத்தனை வருஷமாக மனசுக்குள் எழுதி, திருத்தி, பொட்டனுக்கும் புரிகிற மாதிரிச் செய்து வைத்திருந்ததை அவளிடம் சொன்னேன். சொல், அர்த்தம், என் பதில், போன இரண்டு மணி நேரம், எல்லாவற்றையும். என் பிழையால் அவள் செத்திருப்பாள் என்பதையும் சொன்னேன். கண் கலங்கிவிட்டது.

பேச்சியம்மாள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு எனக்கு லீவு போட்டுக் குடுத்தது நீங்கதானாய்யா?" என்றாள். "என் சர்வீசுலயே நான் கேக்காமக் கெடச்ச லீவு அது ஒண்ணுதான். அதுலயும் பாதி ஜீப்புலயே போயிட்டு."